பென்சிலால் திருத்தியவருக்கு நன்றி

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. போன மாதம் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் கதை நோட்டை விட்டுவிட்டேன், ஒரே பிரதி, எட்டு மாத வேலை. மூன்றாம் நாள் பாம்பன் டீக்கடையில் அது எனக்காகக் காத்திருந்தது. அட்டையில் கடைப் பெயரையும் கிறுக்கியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. யாரோ கொடுத்துவிட்டுப் போனார் என்றார் கடைக்காரர், அவ்வளவுதான்.

கொடுத்தது மட்டும் என்றால் சரி, பெரிய உதவி என்று சொல்லி முடித்திருப்பேன். நீங்கள் முழுதாகப் படித்திருக்கிறீர்கள்! 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய நாளில் தனுஷ்கோடிப் படகுக்காரர் ஒருவர் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் பாய் விரிக்கிறார் என்று அழகாக (என் நினைப்பில்) எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால், "மார்கழியில் ஏது தம்பி கச்சான்? வாடைதான்." அடுத்த பக்கத்தில் தென்கடல் கொந்தளிப்பதாக அளந்திருந்ததற்கும் ஒரு கோடு: கச்சானுக்குத் தென்கடல் ஆடும், வாடைக்கு வடகடல் ஆடும்.

இதே ஊர்க்காரன் நான். மண்டபத்தில் வளர்ந்துவிட்டு, காற்றின் பெயரை ஓசைக்காகப் பொறுக்கியிருக்கிறேன். கதையைப் படித்துப் பாராட்டிய நான்கு நண்பர்களும் இதைக் கவனிக்கவில்லை, பாவம், அவர்களும் என்னைப் போலத்தான்.

காற்றை மாற்றினால் படகு போகும் திசை மாறுகிறது, அப்புறம் முடிவும் மாறுகிறது. மறுபடி எழுதியாயிற்று. ஒரு நகலை அதே டீக்கடையில் வைத்திருக்கிறேன், கூடவே சீவிய பென்சிலும். அந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், டீக்குக் காசு கொடுத்துவிட்டேன்.