ஃபால்கனுக்கு ஒரு சம்பளச் சீட்டு

மார்வெல் கதைகளில் சூப்பர் ஹீரோக்களை ஐ.நா. கட்டுப்பாட்டில் கொண்டுவந்த சோகோவியா உடன்படிக்கையில் சேர்ந்த 117 நாடுகளின் பிரதிநிதிகளுக்கும், குறிப்பாக அமெரிக்க அரசின் உயர் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

லூசியானாவில் ஒரு வங்கி, ஃபால்கன் என்ற பெயரில் பறந்து சண்டையிடும் ஹீரோ சாம் வில்சனின் கடன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2021இல் நாங்கள் எல்லோரும் ‘தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்’ தொடரின் முதல் பகுதியிலேயே பார்த்தோம். இத்தனை நாள் பொறுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நானும் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருப்பவன். நண்பர்கள் அந்தப் பகுதியின் வான்வெளிச் சண்டையை ஓட்டி ஓட்டிப் பார்த்தபோது என் கண் அந்த வங்கி மேசைமேல்தான் இருந்தது. சாமும் சகோதரி சாராவும் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்பது குடும்பத் தொழிலுக்கும், பெற்றோர் பெயரைத் தாங்கிய அந்தப் பழைய படகுக்கும் கடன். அதிகாரி ஆளை அடையாளம் கண்டதும் ஒரே குதூகலம், செல்ஃபி வேறு. அப்புறம் காகிதத்தைப் புரட்டுகிறார். ஹீரோக்களுக்கென்று நிதி ஏதாவது உண்டா, அயர்ன் மேனாக இருந்த கோடீஸ்வரர் ஸ்டார்க் ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தாரா என்று விசாரிக்கிறார். மக்களின் நல்லெண்ணம்தான் என்கிற மாதிரி சாம் மழுப்புகிறார். ஐயா, நல்லெண்ணத்தை விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

கடைசியில் வந்தது அந்தக் கேள்வி: ஐந்து வருடமாக வருமானமே இல்லையே? ஆள் இருந்தால்தானே வருமானம்! வில்லன் தானோஸ் சொடக்கு போட்டதில் பாதி உலகத்தோடு சாம்பலாய்ப் போய், ஐந்து வருடம் இல்லாமலே இருந்தவர் சாம். மற்றவர்கள் பாடுபட்டு அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்; வந்த கையோடு சண்டைக்குத்தான் போனார். அந்த அதிகாரியை நான் முழுதாகக் குற்றம் சொல்ல மாட்டேன். முழுதாக விட்டுவிடவும் மாட்டேன். கெடுபிடி எப்போதும் கறுப்பினத்தவர் பக்கம்தான் இறுகுகிறது என்று சாமுக்கும் சாராவுக்கும் தெரியும். ஆனால் கையில் ஒரு சம்பளச் சீட்டு இருந்திருந்தால், மறுப்பதற்கு அந்த அதிகாரி வேறு காரணம் தேடியிருக்க வேண்டும். நான் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

சாமுக்கு ராணுவத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கடத்தப்பட்ட ஒரு ராணுவக் கேப்டனை விமானத்திலிருந்து மீட்டு, லிபிய எல்லையைத் தொடுவதற்குள் கொண்டுவந்தார். அதாவது உங்கள் கணக்கில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை இருந்தால் கூலி. இந்த ஏற்பாடு எங்களுக்கும் நன்றாகப் பழக்கம்தான்.

ஹீரோக்கள் எங்கே போகலாம், எப்போது போகலாம் என்று ஐ.நா. குழு முடிவு செய்யும் என்று எழுதத் தெரிந்தது உங்களுக்கு. மறுத்தவர்களை அடைக்கக் கடல் நடுவில் ராஃப்ட் சிறை தயாராக இருந்தது. சாமே அதில் இருந்தவர். இடிபாட்டை அள்ள ஒரு துறையே வைத்திருக்கிறீர்கள். இடிந்து விழுந்த மனிதனுக்கு ஒரு மேசை, ஒரு குமாஸ்தா கிடையாது. பக்கத்துப் பிரபஞ்சமான காமிக்ஸில் மரியா ஸ்டார்க் அறக்கட்டளையாவது அவெஞ்சர்கள் என்ற ஹீரோக் குழுவுக்குப் படி கொடுத்தது. சாம் நம்பி அருங்காட்சியகத்தில் ஒப்படைத்த கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தை எடுத்து, நீங்களே தேர்ந்தெடுத்த புதிய கேப்டன் அமெரிக்கா ஜான் வாக்கரிடம் கொடுக்க மட்டும் கோப்பு எவ்வளவு வேகமாக நகர்ந்தது! ஸ்பைடர் மேன் பீட்டர் பார்க்கருக்கு எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இடம் மறுத்த கதையை எடுத்தால் மடல் நீண்டுவிடும். கூடவே நின்ற பாவத்துக்கு நண்பர்கள் இருவருக்கும் அதே பதில்தான்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். விண்ணப்பம் சிறியதுதான். பணியில் இருக்கும் ஒவ்வொரு ஹீரோவுக்கும் மாதச் சம்பளம், அதற்கு ஒரு சீட்டு. காணாமல் போன ஐந்து வருடத்தைப் பணிக்காலமாகக் கருதி ஒரு சான்றிதழ். சாம், சாரா இருவரின் விண்ணப்பத்தை அந்தச் சான்றிதழோடு மறுபரிசீலனைக்கு அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாதிரிப் படிவம் வேண்டுமென்றால் எங்கள் கிளையில் கட்டுக்கட்டாக இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கடன் பிரிவு எழுத்தர் ஒருவர்