இசைக் கலைஞர்களின் வரலாற்றுக்கு ஆதாரம் தேடுவோருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மலேசிய நாட்டுப் பாடகர்கள், இசையமைப்பாளர்கள் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதினால் உடனே நீக்கிவிடுகிறார்கள் என்று ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் குறைப்பட்டிருந்தார். கலைஞர் சிறியவர் என்பதற்காக நீக்குவது குறைவு. அடிக்குறிப்பில் முகநூல் பதிவும் யூடியூப் சுட்டியும் தவிர வேறொன்றும் இல்லாததால்தான் பெரும்பாலும் நீக்குகிறார்கள்.

கட்டுரை நிலைக்க, கலைஞரோடு தொடர்பில்லாத ஒருவர், ஆசிரியர் குழு உள்ள இதழில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். கச்சேரி விளம்பரமும், ஏற்பாட்டாளர் அனுப்பிய குறிப்பை அப்படியே போட்ட செய்தியும், கோயில் மலரின் வாழ்த்துரையும் இதில் சேரா. பேட்டியைப் பிறந்த ஊருக்கும் குருவின் பெயருக்கும் காட்டலாம். ‘நாட்டிலேயே முதல் பாடகர்’ என்ற பெருமைக்குக் காட்ட முடியாது. ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளம், டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தகவல் தளம் இரண்டும் பயனர்கள் நிரப்புபவை; ஆதாரமாகா. யூடியூபில் இருப்பது பதிவேற்றிய தேதி. அதை நம்பினால் 1970களின் பாட்டு 2012இல் வெளிவந்ததாகிவிடும்.

இணையத்தில் இல்லாத ஆதாரம் செல்லாது என்பது தவறான எண்ணம். நாளிதழ் பெயர், தேதி, பக்கம், தலைப்பு, எழுதியவர் பெயர் இருந்தால் அச்சுத்தாளே போதும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன மலேசியத் தமிழ் நாளிதழ் தமிழ் நேசன் போன்ற ஏடுகளுக்கு வேறு வழியும் இல்லை. நூலகத்துக்குப் போகுமுன் இசைத்தட்டு உறையையோ நிகழ்ச்சி அழைப்பிதழையோ பார்த்து மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு புரட்டினால் பொழுது போய்விடும்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசு, ஆங்கில நாளிதழ் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாய் நாளிதழ் பெரித்தா ஹரியான் ஆகியவற்றின் பழைய பக்கங்களைத் தேடலாம். கோலாலம்பூர், பினாங்குச் செய்திகளும் அவற்றில் உண்டு. பிற்கால இதழ்கள் சிலவற்றை அந்த நூலகக் கணினியில்தான் திறக்க முடியும். தமிழில் தேடி ஒன்றும் வராவிட்டால் செய்தியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களைக் கணினி தப்பாகப் படிக்கும்; அவை இல்லாத சொல்லாகப் போட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் சுப்ரமணியம், சுப்ரமணியன், மணியம், தந்தை பெயர் சேர்ந்த முழுப்பெயர் என எல்லா வடிவமும் தேவை. நம்மவர் பலர் மலாய் ஏடுகளைத் தொடுவதே இல்லை. பினாங்கின் அலிகேட்ஸ் இசைக்குழுவில் பாடிய லோகநாதன் ஆறுமுகத்தைத் தமிழ் ஏடுகளில் மட்டும் தேடினால் எவ்வளவு கிடைக்கும்? அவர்கள் புகழ்பெற்றதே மலாய்ப் பாடல்களால்தான்; ‘லோகா’ என்றும் தேட வேண்டும்.

இன்னொரு பொறி: விக்கிப்பீடியாவில் ஆதாரமின்றி யாரோ போட்ட பிறந்த தேதியைச் செய்தியாளர் எடுத்து எழுதுவார், பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியாவுக்கு ஆதாரமாகும். கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் அந்தத் தேதி எப்போது நுழைந்தது என்று பாருங்கள். அதற்கு முன் அச்சில் எங்கும் இல்லையென்றால் விட்டுவிடுவதே மேல்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி நறுக்குகளில் பெரும்பாலும் தேதியும் இல்லை, பக்க எண்ணும் இல்லை. ‘62 வயதான பாடகர்’ என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த ஆண்டில் பிறந்தார் என்று கணக்கிடுவது? கலைச் செய்தி ஒவ்வொன்றின் அடியிலும் நாள், எழுதியவர் பெயர், கலைஞரின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு நான்கையும் சிறிய எழுத்திலாவது அச்சிட ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
விக்கிப்பீடியா பயனர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு