கேட்டால் கிடைத்துவிடுமா அனுமதி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு ஊழியர்கள் வெளி அமைப்புகளில் பொறுப்பு வகிப்பது பற்றிய உங்கள் தலையங்கத்தில், ‘கேட்டால் கிடைத்துவிடும் அனுமதி’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 33 வருடம் மத்திய அரசில் பொறியாளராக வேலை பார்த்தவன் நான். அந்த வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. பதிவு பெற்ற அறிவியல் சங்கத்தின் நிர்வாக வேலையில் பங்கெடுக்க 15ஆவது விதிப்படி முன் அனுமதி வேண்டாம். ஒரு மாதத்துக்குள் தகவல் சொன்னால் போதும். தேர்தலில் நின்று வரும் பதவி என்றால்தான் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எங்கள் பொறியியல் சங்கத்தில் என்னைப் பொருளாளர் பதவிக்கு நிற்கச் சொன்னார்கள். சம்பளம் கிடையாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேட்புமனுவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே உரிய வழியாக விண்ணப்பம் கொடுத்தேன்.

முதலில் சங்கத்தின் பைலா, அதாவது உள்விதிகள் கேட்டார்கள். அப்புறம் மூன்று வருடத் தணிக்கை அறிக்கை. அப்புறம் என் மேல் ஊழல் புகார் எதுவும் நிலுவையில் இல்லை என்கிற விஜிலென்ஸ் கிளியரன்ஸ். ஒருநாள் செக்‌ஷனில் போய் நின்றபோது அங்கிருந்த அம்மா இரக்கப்பட்டுக் கோப்பைத் திறந்து காட்டினார். என் விண்ணப்பத்தின் ஓரத்தில் மேலதிகாரியின் பச்சை மையில் ‘பேசவும்’ என்று எழுதியிருந்தது. எழுதி ஐந்து வாரம். யாரும் யாரிடமும் பேசவில்லை. “இதுல உங்களுக்கு என்ன வரும்படி?” என்று ஓர் அதிகாரி என் முகத்துக்கு நேராகவே கேட்டார். தேர்தல் முடிந்து ஏழு மாதம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது.

இது முதல் தடவையும் அல்ல. 1994இல் ஒரு பாலிடெக்னிக்கில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருநாள் பாடம் நடத்தினேன். கிளம்பும்போது கவரில் 150 ரூபாய் வைத்துக் கொடுத்தார்கள். பாடம் நடத்தலாம், அனுமதி இல்லாமல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது மறுநாள்தான் தெரிந்தது. நானே போய்ச் சொன்னேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ கொடுத்தார்கள். பணத்தைக் கட்டிய சலான் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதே ஆபீஸில் வெளியே பிளான் போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தவர்களுக்கு ஒரு மெமோவும் வரவில்லை. அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

விதியை நான் குறை சொல்லவில்லை. அரசுச் சம்பளம் வாங்குகிறவன் வெளியே என்ன செய்கிறான் என்று அரசு கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஓய்வுபெற்ற குரூப் ஏ, அதாவது உயர்நிலை அதிகாரி, ஒரு வருடத்துக்குள் தனியார் கம்பெனியில் சேர அனுமதி கேட்டு 60 நாளில் மறுப்பு வராவிட்டால், கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று ஓய்வூதிய விதி சொல்கிறது. பணியில் இருப்பவன் காசு வாங்காமல் ஒரு சங்கத்துக்கு உழைக்கக் கேட்டால் 15ஆவது விதியில் அப்படி ஒரு கெடு இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். இடம் இருந்தால் 15ஆவது விதியைக் கட்டம் கட்டிப் போடுங்கள். இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள் எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதையாவது தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
தாம்பரம்