சிறப்பிதழோடு வந்த ஷாம்பு பாக்கெட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சுற்றுச்சூழல் நாள் சிறப்பிதழ் கிடைத்தது. அதில் இயற்கையை நேசிப்பது பற்றிய முதன்மைக் கட்டுரையில், மலையும் அருவியும் வாசலிலேயே இருப்பதால் எல்லையோரச் சிற்றூர் மக்களுக்கு அவற்றின் அருமை தெரிவதில்லை என்றும், அன்றாட வாழ்வில் சிறு மாற்றங்களைச் செய்துகொள்ளும் பழக்கத்தை நகரத்து இளைஞர்கள்தாம் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்றும் ஒரு வரி வருகிறது. எழுதியவர் வயதில் இளையவராக இருக்கக்கூடும். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அச்சுக்குப் போகும் முன் தாங்களும் அந்த வரியைப் படித்திருப்பீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

நான் செங்கோட்டை வட்டத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் வட்டத்தைப் பிரித்தபோது ஆரியங்காவுப் பக்கத்து மலை கேரளத்தோடு நின்றது, அடிவாரத்து வயல்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. உறவுகளை யாரும் பிரிக்கவில்லை. என் மதினி இன்றும் புனலூரில்தான் இருக்கிறார். இரண்டு பக்கமும் போய்வருகிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரை பரிந்துரைக்கும் மாற்றங்களைப் பொறுமையாகப் படித்தேன். மூங்கில் பிடி போட்ட பல்துலக்கியை இணையத்தில் வரவழைக்கலாமாம். இளநீர் குடிப்பதற்கென்று எஃகு உறிஞ்சுகுழல் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமாம். பாத்திரம் துலக்கத் தென்னை நாரால் ஆன துலக்கி வந்திருக்கிறதாம். அதன் விலையையும் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் கொண்டு துலக்கிக்கொண்டிருந்த காலத்தில், அது பட்டிக்காட்டு வழக்கம் என்று எங்களை வெட்கப்படவைத்துச் சோப்புக் கட்டியையும் பிளாஸ்டிக் தேய்ப்பானையும் வாங்கச் செய்தவை பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்கள்தாம். அதே நார் இப்போது அட்டைப் பெட்டியில் ஏறி எங்களிடமே விலைக்கு வருகிறது. சீவிய இளநீரை வாய்வைத்துக் குடிக்கிறவர்களுக்கு எஃகுக் குழல் எதற்கு என்பதையும் கட்டுரையாளர் ஒரு வரி விளக்கியிருக்கலாம். எங்கள் வீடுகளில் அரிசி களைந்த நீரும் வடிகஞ்சியும் மாட்டுத் தொட்டிக்குப் போகும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் போகும். நைந்த சேலை முதலில் தொட்டிலாகும், பிறகு அடுப்படியில் கரித்துணியாகும். இதற்கெல்லாம் இயற்கை நேசம் என்று நாங்கள் பெயர் வைக்காதது எங்கள் குற்றமானால், பணிவுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

பண்டகசாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பருப்பையும் மல்லியையும் தாளில் பொட்டலம் கட்டி நூல் சுற்றிக் கொடுப்போம். எண்ணெய்க்கு வீட்டிலிருந்தே தூக்குவாளி வரும். வாங்க வந்தவர் எவரும் அந்த முறையை மாற்றும்படி எங்களைக் கேட்கவில்லை. மூட்டையில் வந்த பருப்பு பாக்கெட்டில் வந்தது, பீப்பாயில் வந்த எண்ணெய் பாக்கெட்டில் வந்தது, தூக்குவாளியோடு வந்த கிழவி வெறும் வாளியோடு திரும்பிப் போனார். ஆகவே, வாங்குகிறவர் மனம் வைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. வாங்குகிறவர் முன்னால் எதை வைக்க வேண்டும் என்பதை வேறு எங்கோ யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஷாம்பு பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஏழைக்கும் எட்டும் விலையில் பொருள் கிடைக்கட்டும் என்று தொடங்கிய வழி அது என்பதும், பிறகு நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவியது என்பதும் தாங்கள் அறியாததல்ல. ஒன்றோடொன்று ஒட்டிய பல படலங்களால் ஆன அந்த உறையைப் பிரித்து மறுபடியும் பயன்படுத்துவது எளிதல்ல என்பதால், பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்க வரும் அண்ணாச்சி அதைத் தராசில் வைப்பதே இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை வந்தபோது எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் பிளாஸ்டிக் பைகளை வைத்திருந்ததற்காக அபராதம் கட்டினார். அவர் தலைக்கு மேலே சரம் சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டுகளை யாரும் தொடவில்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் காது குடையும் குச்சி இருக்கிறது, பலூன் குச்சி இருக்கிறது, கல்யாண அழைப்பிதழின் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூட இருக்கிறது. ஷாம்பு பாக்கெட் இல்லை. மாத இதழின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கள் சிறப்பிதழ் முழுவதும் பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது. உறையைக் கிழித்துப் புரட்டினால், நீர்நிலைகளைக் காப்போம் என்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஷாம்பு பாக்கெட் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று தடை இருக்கும் குற்றாலத்துக்கு அருகிலுள்ள ஊர்க்காரிக்கு, சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில், தாங்கள் அனுப்பிய அன்பளிப்பு அது.

மருத்துவக் கழிவு விவகாரத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கொட்டிக் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பிறகு, கேரள அரசு லாரிகளை அனுப்பி அவற்றைத் திரும்ப அள்ளிச் சென்றது. மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மலை தாண்டிக் கொண்டுபோய் வயலோரத்தில் கொட்டிவிட்டால் வைத்திருந்ததாக ஆகாது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். அப்போது தங்கள் இதழ் அதை இரண்டு மாநிலங்களின் சண்டையாக எழுதியது. எல்லையில் வசிக்கும் எங்களுக்கு அது அவ்வளவு எளிமையாகத் தெரியவில்லை. இங்கிருந்து காய்கறியும் கல்லும் ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள் வெறுமனே திரும்ப விரும்புவதில்லை. திரும்பும் வழியில் எதை ஏற்றினாலும் வாடகை வாடகைதான். கைதானவர்களில் நம் பக்கத்துக்காரர்களும் இருந்தார்கள். மலையாளிகளைத் திட்டி ஒரு பக்கம் எழுதியவர்கள், இடம் காட்டிய தமிழர்களைப் பற்றி அரைப் பத்தியாவது எழுதியிருக்கலாம். அதைக் கேட்டு அப்போதே ஒரு கடிதம் அனுப்பினேன். அதை வெளியிட இடம் கிடைக்கவில்லை போலும்.

புனலூரில் மதினி பால் பாக்கெட்டைக் கழுவி, கொடியில் உலர்த்தி, அடுக்கி வைக்கிறார். வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வீட்டுக்கே வந்து அவற்றை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குக் கட்டணமும் உண்டு. கேரளத்தில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பை மேடு பற்றி எரிந்து நகரமே பல நாள் புகையில் திணறியதைத் தாங்களும் படம் போட்டிருந்தீர்கள். ஆனால் ஒரு வீட்டுப் பெண்மணி பிரித்துக் கொடுத்ததைப் பிரித்தபடியே வாங்க அங்கே ஆள் வருகிறது. எங்கள் ஊரில் நாங்களும் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தனித்தனி வாளிகளில்தான் போடுகிறோம். இரண்டும் ஒரே டிராக்டரில் ஒன்றாக ஏறுகின்றன, பிறகு குளக்கரையில் ஒன்றாகவே எரிகின்றன. விழிப்புணர்வு முகாம் மட்டும் தவறாமல் நடக்கிறது. அதில் தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள்.

இன்னொன்று. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் வாக்கில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களின் படத்தை வண்ணத்தில் போட்டுக் குடும்பத்தோடு போய்வாருங்கள் என்று எழுதுகிறீர்கள். வருகிறவர்கள் வரட்டும், ஊருக்கு நாலு காசு கிடைக்கிறது. ஆனால் படம் எடுக்க வரப்பை மிதித்து இறங்குகிறவர்களும், வாய்க்காலில் காகிதத் தட்டையும் பாட்டிலையும் போட்டுவிட்டுப் போகிறவர்களும் அருமை தெரியாத எல்லையோர மக்கள் அல்லர். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் சந்தாதாரர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த வரிக்குத் தாங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது என்பது தெரியும். முன்பெல்லாம் தங்கள் இதழ் நடுவில் ஒரு தாள் பட்டை மட்டும் சுற்றி, அதில் முகவரி எழுதி அஞ்சலில் வரும். மழைக்காலத்திலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போனதில்லை. வரும் மாதம் முதல் என் பிரதியையாவது அப்படியே, ஷாம்பு பாக்கெட் ஒட்டாமல், அனுப்பிவைக்கும்படி சந்தாப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் உண்டென்றால் எழுதுங்கள், மணியார்டரில் அனுப்பிவிடுகிறேன்.

இங்ஙனம்,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம்.