முதன்மைப் பாடத்தின் பெயர் தகுதிப் பட்டியலில் இல்லையாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் நான்காண்டுப் பட்டப்படிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, மாணவர்களே பாடங்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதோடு நின்றுவிட்டது. அப்படிப் படித்த பிள்ளை முதுகலைக்குப் போய் நிற்கும்போது என்ன ஆகும்? பட்டம் பாலக்காட்டில், மேல்படிப்பு கோவையில் என்பது எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சகஜம்.

கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த என் மகள், இந்தப் படிப்பில்தான் வேதியியலோடு புவியியலும் புள்ளியியலும் சேர்த்துப் படிக்கிறாள். எம்.எஸ்ஸி. வேதியியல் கிடைக்குமா என்று கோவையில் ஒரு கல்லூரியில் முன்கூட்டியே விசாரித்தோம். அலுவலகத்தில் இருந்தவர் பிராஸ்பெக்டஸில் தகுதிப் பட்டியல்மேல் விரலை ஓட்டிவிட்டு, "கெமிஸ்ட்ரின்னு தனியா இருந்தா சரி. கலவையா இருந்தா ஈக்விவலன்ஸ் வாங்கிட்டு வாங்க" என்றார். இங்கே வந்து கேட்டால், அந்த ஈக்விவலன்ஸை, அதாவது இரண்டு பட்டமும் இணையானவை என்ற சான்றை, சேரப் போகும் பல்கலைக்கழகம்தான் தர வேண்டுமாம். அவள் எந்தெந்தத் தாள் படிக்கிறாள் என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

நுழைவுத்தேர்வில் தேறினால் இளங்கலையில் எதைப் படித்திருந்தாலும் வேறு துறையில் முதுகலை சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2025ல் விதி கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் கோவை வட்டாரத்தில் பல கல்லூரிகள் மதிப்பெண்ணைப் பார்த்தே சேர்க்கின்றன. தேர்வே வைக்காத இடத்தில் எதில் தேறுவது?

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேலட்டின் பள்ளியில் மாணவரே தன் படிப்பை வகுத்துக்கொள்கிறார். ஆனால் சும்மா விட்டுவிடுவதில்லை. இந்தப் பாடங்களை ஏன் சேர்த்தேன் என்று எழுதிக் கொடுத்து, கடைசியில் ஆசிரியர்கள் முன் உட்கார்ந்து வாய்மொழியாகவும் பதில் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் 1970ல் திறந்த ஹாம்ப்ஷயர் கல்லூரியில் மதிப்பெண்ணுக்குப் பதில் ஆசிரியர்கள் எழுதும் மதிப்பீடுதான் தந்தார்கள். அந்த மதிப்பீடுகளைப் படித்துப் பார்க்காமல் அடுத்த படிப்புக்கு யாரும் முடிவு சொல்ல முடியாது.

நம் பல்கலைக்கழகங்களும் மதிப்பெண் பட்டியலோடு, பாடவாரியாகக் கிரெடிட்டும் (எவ்வளவு படித்தார் என்று காட்டும் அளவு) சிலபஸும் போட்டு, வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துடன் ஒரு விளக்கத் தாள் தரலாம். 'பி.எஸ்ஸி. வேதியியல்' என்பதற்குப் பதில் 'வேதியியலில் இத்தனை கிரெடிட்' என்று தகுதியை மாற்றி எழுதுவது கோவைக் கல்லூரிகளின் வேலை. 2024ல் சேர்ந்த முதல் அணி 2027ல் மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியே வரும். அந்த வருட பிராஸ்பெக்டஸ் அச்சுக்குப் போகும் முன் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்