வானியல் மன்றம், அம்பாசமுத்திரம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிப்ரவரியில் மாலை வானக் கோள்களைக் காட்டினோம். செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணத்துக்கு ஆற்றங்கரையில் நல்ல கூட்டம்.

இந்த ஆண்டு நான் முழுமனதோடு எடுத்துச் செய்தது, தொலைதூரக் கேலக்ஸிக் கொத்துகள் (நட்சத்திர மண்டலங்களான கேலக்ஸிகள் ஈர்ப்பால் சேர்ந்து நிற்கும் கூட்டங்கள்) பற்றிய மாதாந்திரப் பேச்சு. கூப்பிடப் போன இடத்தில் எல்லாம், "அண்ணாச்சி, சனியைக் காட்டுங்க, வாரோம்" என்றார்கள். பாதி நாற்காலி காலியாகவே கிடந்தது. வராதவர்களுக்காக ஒரு நாள் பேசியதை இங்கே சொல்கிறேன்.

எம்ஓஓ ஜே1142+1527 என்ற கொத்து, 850 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் அதன் ஒளியலை நீண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வருகிறது. வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படமெடுத்த வைஸ் விண்கலத்தின் பதிவுகளைச் சலித்து, ஸ்பிட்சர் தொலைநோக்கியால் மறுபடி பார்த்து இதைப் பிடித்தார்கள். 2015இல் அறிவிப்பு வந்தது. ஆனால் படத்தில் நெருக்கமாகத் தெரிந்தால் மட்டும் கொத்து ஆகிவிடாது. பாலத்தில் நின்று பார்த்தால் தெருவிளக்கும் பாபநாசம் மலையடி விளக்கும் ஒட்டித்தானே தெரிகின்றன? ஹவாயின் கெக், ஜெமினி தொலைநோக்கிகளில் செம்பெயர்ச்சியை, அதாவது ஒளியலை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை, அளந்து தொலைவை உறுதிசெய்தார்கள்.

அப்போது ஒரு பத்தாம் வகுப்பு மாணவி எழுந்து, "அதை எப்படி சார் எடை போட்டாங்க?" என்று கேட்டாள். கொத்துக்குள் கேலக்ஸிகளுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரிச் சூட்டில் வாயு நிறைந்திருக்கும். பெருவெடிப்பின் மிச்சமாக வானமெங்கும் பரவியிருக்கும் பிரபஞ்சப் பின்னணி நுண்ணலை அந்த வாயுவைக் கடக்கும்போது, ரேடியோ தொலைநோக்கியில் அந்த இடம் சற்று மங்கித் தெரியும். மங்கல் கூடினால் நிறையும் கூடுதல். கலிபோர்னியாவின் கார்மா ரேடியோ தொலைநோக்கிகள் அப்படிக் கணித்தது, ஏறக்குறைய பத்துக் கோடிக் கோடி சூரிய நிறை. பலகையில் பூஜ்யங்களை அவளே எழுதினாள். பதினைந்து பூஜ்யம். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தத் தொடர் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உண்டு. புரொஜெக்டர் வாடகைதான் பெரிய செலவு. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களில் நிர்வாகக் குழுவினரும் இருப்பது வருத்தம் தருகிறது.

இடம் தந்த பள்ளிக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும் நன்றி.

யூக்ளிட் விண்கலம் 2025 மார்ச்சில் தந்த முதல் தரவுத் தொகுப்பிலேயே 2.6 கோடி கேலக்ஸிகள் உள்ளன. அடுத்த ஆண்டு அதைப் பற்றிப் பேச ஆசை. சொந்தமாகப் புரொஜெக்டர் இல்லாமல் அது நடக்காது. பாக்கிச் சந்தாவைத் தைப்பொங்கலுக்குள் கட்டினால் பழையது ஒன்றாவது வாங்கிவிடலாம். ரசீதுப் புத்தகம் இன்று கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்