வெங்காய வேர்நுனியும் ஒரு வெட்டும்

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் நீ அனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. ஆய்வுக்கூடப் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நீ கேட்டவை இரண்டு. பிள்ளைகள் போடும் வெங்காய வேர்நுனி ஸ்லைடுகளில் பகுப்பில் இருக்கும், அதாவது இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லே ஏன் அகப்படுவதில்லை? கால்ச்சிசின் என்ற மருந்தை வைத்தால் மட்டும் ஏன் செல்கள் மெட்டாஃபேஸிலேயே, குரோமோசோம்கள் பிரிவதற்குச் சற்று முந்தைய நிலையிலேயே, வந்து குவிகின்றன? இரண்டு கேள்வியும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் உன் படங்களிலேயே இருக்கிறது. செல்கள் நீளநீளமாக, நடுவில் சின்ன நியூக்ளியஸோடு தெரிகின்றன. அது வேரின் நீட்சிப் பகுதி. அங்கே பகுப்பு முடிந்துவிட்டது. பகுப்பு நடப்பது வேர்மூடிக்கு ஒட்டிப் பின்னால் உள்ள ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான். பிள்ளைகள் அரை சென்டிமீட்டர் வெட்டி அப்படியே நசுக்கியிருக்கிறார்கள். சாயம் ஏறிய வேரை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொல். நுனியில் ஒரு துளி மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுத்துத் தெரியும். அந்தத் துளி போதும், மீதியை வீசிவிடலாம்.

வேர் வளர்க்கச் சின்ன வெங்காயமே நல்லது. சீக்கிரம் வேர் விடும், அதற்கும் பதினாறு குரோமோசோம்தான். காய்ந்த பழைய வேர்களை பிளேடால் சுரண்டிவிடு, ஆனால் அடித்தட்டில் கீறல் படக் கூடாது. குறுகிய வாயுள்ள பாட்டிலின் மேல் உட்கார வைத்து, அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி பார்த்துக்கொள். முழுக விட்டால் அழுகிவிடும். தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரானால் ஒரு இரவு திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்று. இரண்டு மூன்று நாளில் வேர் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரும். அப்போதே வெட்டிவிடு.

நிலைப்படுத்தும் திரவம் மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம். அன்றன்றைக்குக் கலக்கு. கலந்து வைத்துவிட்டால் ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து எஸ்டராகிவிடும், திரவத்தின் வீரியம் போய்விடும். அதில் இருபத்துநாலு மணி நேரம். பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் பல வாரம் தாங்கும்.

பிள்ளைகள் அதிகம் தவறுவது அடுத்த படியில். ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 60 டிகிரி, எட்டு நிமிடம். (அடர் அமிலம் 8.5 மில்லியைத் தண்ணீரில் விட்டு 100 மில்லியாக்கினால் ஏறக்குறைய ஒரு நார்மல். தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது.) செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கரைப்பதற்குத்தான் இது. நேரம் குறைந்தால் நசுக்கினாலும் செல்கள் கட்டியாகவே நிற்கும், ஒன்றன்மேல் ஒன்றாக. கூடினால் திசு கூழாகி, சாயமும் வெளிறிவிடும். வெந்நீர்த் தொட்டியின் முள்ளை நம்பாமல், சோதனைக் குழாய்க்குள்ளேயே வெப்பமானியை விட்டுப் பார்.

பிறகு நன்றாக அலசிவிட்டு, அசிட்டோ ஆர்சீன் என்ற சாயத்தில் அரை மணி நேரம். 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் இரண்டு சதவீத ஆர்சீன். ஒவ்வொரு முறையும் வடிகட்டு. வடிகட்டாத சாயத்தின் துகள்களைக் குரோமோசோம் என்று எண்ணி நோட்டில் வரைந்து வைத்துவிடுவார்கள். ஆர்சீனுக்குப் பதில் கார்மைன் சாயம் வைத்திருந்தால், துருப்பிடித்த ஊசியால் கிளறினாலே நிறம் ஆழமாகும். சாயம் பிடிக்க இரும்பு உதவுகிறது. இரும்பு மிஞ்சினால் கசடு தட்டும்.

நசுக்குவது கைப்பழக்கம். நுனித்துளியை 45 சதவீத அசிட்டிக் அமிலத்தின் ஒரே ஒரு சொட்டில் வை. கவர்ஸ்லிப்பை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாக இறக்கு, குமிழி வராது. தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் நேர் மேலிருந்து தட்டத் தட்ட, ஊதா நிறத் துளி மேகம் மாதிரி விரிந்துகொண்டே போகும். பிறகு உறிஞ்சுதாளை மடித்து மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்து. அழுத்தும்போது கவர்ஸ்லிப் ஒரு முடி அளவு நகர்ந்தாலும் போச்சு. செல்கள் சுருண்டு நூலாகிவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் நூறு செல்லில் பகுப்பில் இருப்பது ஐந்திலிருந்து பத்துக்குள்தான் இருக்கும், அதிலும் பெரும்பாலானவை புரோஃபேஸ் என்ற தொடக்க நிலையில். இதைக் குறையாக எண்ண வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடு. ஒவ்வொரு நிலையும் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அந்த விகிதத்தில்தான் அது ஸ்லைடில் அகப்படும். அசைவற்ற ஒரு ஸ்லைடை எண்ணியே காலத்தை அளந்துவிடலாம். ஆயிரம் செல் எண்ணச் சொல். ஒரே வேரில் வேண்டாம், மூன்று வேர்களில்.

இனி கால்ச்சிசின்.

செங்காந்தளை நாம் மாநில மலர் என்று கொண்டாடுகிறோம். கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பி வேலியில் ஏற்றிப் பயிராக்குகிறார்கள். விதையை வாங்குவதே கால்ச்சிசினுக்காகத்தான். இந்த மருந்து டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். டியூபுலின் கோக்காவிட்டால் நுண்குழல் இல்லை, நுண்குழல் இல்லாவிட்டால் குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோல் இல்லை. தாவர டியூபுலினை அது அவ்வளவு எளிதில் பிடிக்காது. அதனால்தான் மனித ரத்தக் கல்ச்சருக்கு இதன் உறவான கால்செமிட் மில்லிக்கு 0.1 மைக்ரோகிராம் போதும் என்றிருக்க, வெங்காயத்துக்கு 0.05 சதவீதம், அதாவது மில்லிக்கு 500 மைக்ரோகிராம் கால்ச்சிசின் வைக்கிறோம். இரண்டிலிருந்து நாலு மணி நேரம்.

1938இல் ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவான் வெங்காய வேருக்கு இதே மருந்தை வைத்துப் பார்த்து எழுதினார். அதே லெவானும் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் சேர்ந்துதான் லுண்ட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் மனிதக் குரோமோசோம்களைச் சரியாக எண்ணினார்கள். 1956இல் 46 என்று அறிவிக்கும்வரை முப்பது வருஷத்துக்கு மேலாக 48 என்றே பாடம் நடந்துகொண்டிருந்தது. வெங்காயத்தில் பழகிய கால்ச்சிசின்தான் அங்கேயும் கைகொடுத்தது. உன் பிள்ளைகள் செய்யும் பயிற்சியை யாராவது சின்ன விஷயம் என்றால் இதைச் சொல்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. கதிர்க்கோல் இல்லாததால் இழுக்க முடியவில்லை, அதனால் நிற்கிறது என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. அது பாதிதான். செல் நிற்பதற்குக் காரணம், போகலாம் என்ற உத்தரவு வரவில்லை என்பது.

டிஎன்ஏ இரட்டிக்கும்போதே குரோமோசோமின் இரண்டு பிரதிகளையும், அதாவது சகோதரக் குரோமாட்டிட்களையும், கோஹீசின் என்ற வளையம் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. அவை பிரிந்து விலகும் நிலையான அனாஃபேஸைத் தொடங்கி வைப்பது அந்த வளையத்தின் மேல் விழும் ஒரு வெட்டு. வெட்டுகிற நொதிக்கு செப்பரேஸ் என்று பெயர். அதன் வாயை செக்யூரின் என்ற புரதம் அடைத்து வைத்திருக்கும். ஏபிசி என்ற கூட்டுப்புரதம் செக்யூரினுக்கு அழிவுக் குறி வைத்தால்தான் செப்பரேஸ் விடுபடும். நுண்குழல் வந்து பிடிக்காத கைனிட்டோகோர் (குரோமோசோமில் நுண்குழல் பிடிக்கும் இடம்) ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும், அது மேட்2 முதலிய புரதங்களைக் கொண்டு ‘பொறு’ என்ற சைகையைச் செல் முழுக்கப் பரப்பி ஏபிசியைக் கட்டிப்போட்டுவிடும். கால்ச்சிசின் வைத்த செல்லில் பதினாறு குரோமோசோமும் சேர்ந்து ‘பொறு’ என்கின்றன.

ஒன்றே ஒன்று போதும் என்பது ஊகமில்லை. கான்லி ரீடர் 1995இல் எலிக் கங்காருவின் செல்லில், எல்லாம் பிடிபட்டுக் கடைசியாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒற்றைக் கைனிட்டோகோரை லேசரால் பொசுக்கினார். அது ஒழிந்ததும் கொஞ்ச நேரத்தில் செல் அனாஃபேஸுக்குப் போய்விட்டது. அதே வருஷம் புரூஸ் நிக்லஸின் ஆய்வுக்கூடத்தில் வேறொன்று செய்தார்கள். கும்பிடுபூச்சியின் விந்துத் தாய்செல்லில் சரியாகப் பிணையாமல் தளர்ந்து கிடந்தது ஒரு எக்ஸ் குரோமோசோம். அதை மெல்லிய கண்ணாடி ஊசியால் இழுத்துப் பிடித்தார்கள். அந்த விறைப்பு கிடைத்ததும் காத்திருந்த செல் பிரிந்தது. குரோமோசோம் பிடிபட்டால் மட்டும் போதாது, இரண்டு பக்கமும் இழுபட்டு விறைப்பாக நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

வெட்டு ஒன்றே போதுமா என்றும் பார்த்துவிட்டார்கள். வியன்னாவில் ஃபிராங்க் ஊல்மனும் கிம் நாஸ்மித்தும் ஈஸ்ட்டின் கோஹீசினில், ஒரு தாவர வைரஸின் நொதி மட்டுமே வெட்டக்கூடிய இடம் ஒன்றைச் செருகினார்கள். செல்லை மெட்டாஃபேஸில் நிறுத்தி வைத்து, அந்த அயல் நொதியை மட்டும் உள்ளே உண்டாக்கினார்கள். குரோமோசோம்கள் இரு பக்கமும் பிரிந்து போயின. 2000இல் வந்த ஆய்வு அது. இழுக்கிற வேலை முன்பே முழு வேகத்தில் நடந்துகொண்டிருக்கிறது, கட்டு அறுபடுவதற்காக மட்டும் காத்திருக்கிறது என்பது அதில் தெளிவாயிற்று.

இதையெல்லாம் உன் ஸ்லைடிலேயே காட்டலாம். கால்ச்சிசின் வைக்காத மெட்டாஃபேஸில் குரோமோசோமின் கைகள் நெருங்கி ஒட்டிக் கிடக்கும். மூன்று மணி நேரம் கால்ச்சிசினில் இருந்ததில் கைகள் விலகி, சென்ட்ரோமியர் என்ற இடுப்புப் பகுதியில் மட்டும் சேர்ந்து, எக்ஸ் எழுத்து மாதிரி இருக்கும். காத்திருக்கும் நேரம் நீள நீள, கைகளில் உள்ள கோஹீசின் வெட்டு விழாமலே கழன்றுகொள்கிறது. சென்ட்ரோமியரில் உள்ளதை மட்டும் சுகோஷின் என்ற புரதம் காக்கிறது. அது ஜப்பானியப் பெயர், காவல் தெய்வம் என்று பொருள். எல்லாப் புத்தகத்திலும் குரோமோசோம் என்றால் எக்ஸ் போட்டுக் காட்டுகிறார்களே, அது நெடுநேரம் காக்க வைக்கப்பட்ட செல்லின் படம். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

காவலும் என்றென்றைக்கும் தாங்காது. நெடுநேரம் போனால் சில செல்கள் பிரியாமலே நழுவி வெளியேறிவிடும், குரோமோசோம் இரட்டித்த கணக்கோடு. நாற்றுக்குக் கால்ச்சிசின் வைத்து நான்மடியம் (நான்கு தொகுதிக் குரோமோசோம் உள்ள செடி) உண்டாக்குவது இப்படித்தான். கோயம்புத்தூரில் கரும்புக் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள் பின்னாளில் இங்கிலாந்தின் விஸ்லியில் மக்னோலியாவுக்கு வைத்ததும் இதே மருந்துதான்.

கருமுட்டையில் இந்தக் கோஹீசின் கதை மனதைப் பிசைகிறது. ஒரு பெண்ணின் முட்டைத் தாய்செல்கள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே மியாசிஸை, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பகுப்பை, தொடங்கி நடுவழியில் நின்றுவிடுகின்றன. வளையங்கள் பூட்டப்படுவது அப்போது. எலியில் பார்த்தவரை, பிறந்த பிறகு அவை புதுப்பிக்கப்படுவதில்லை. முப்பத்தைந்து, நாற்பது வருஷம் ஒரே பிடியில் இருக்கும் வளையங்கள் ஒவ்வொன்றாகத் தளர, வெட்டு விழுவதற்கு முன்பே குரோமோசோம்கள் விலகிவிடுகின்றன. 21ஆம் குரோமோசோம் மூன்றாகிப் போவதன் (டவுன் குறைபாட்டின்) வாய்ப்பு இருபது வயதுத் தாய்க்கு ஏறக்குறைய 1,500 பிரசவத்துக்கு ஒன்று. முப்பத்தைந்தில் 350க்கு ஒன்று. நாற்பதில் 100க்கு ஒன்று. தாய் ஏதோ தவறு செய்துவிட்டாள் என்று பேசும் வாய்களுக்கு இந்த வளையத்தை விளக்கிச் சொல்லவேண்டியது நம்மைப் போன்றவர்களின் கடமை.

ஜீன் கட்டுப்பாட்டை எந்த இடத்தில் சேர்ப்பது என்று கேட்டிருந்தாய். இங்கேயே சேர்த்துவிடு. பகுப்பு இல்லாத நேரத்தில் இதே கோஹீசின் டிஎன்ஏவைக் கண்ணிகண்ணியாக இழுத்து மடிக்கிறது; சிடிசிஎஃப் என்ற புரதம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய் நிற்கிறது. எந்த ஊக்கி (ஜீனை இயங்க வைக்கும் டிஎன்ஏ துண்டு) எந்த ஜீனைத் தொடலாம் என்பதில் அந்தக் கண்ணிக்குப் பங்குண்டு. கோஹீசினை டிஎன்ஏவில் ஏற்றும் என்ஐபிபிஎல் ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் கார்னீலியா டி லாங்கே குறைபாடு வரும். அந்தக் குழந்தைகளுக்குக் குரோமோசோம் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கை வளர்ச்சி, முக அமைப்பு, அறிவு வளர்ச்சி ஆகியவை பாதிக்கப்படும். பகுப்புக்கு ஒரு பாடம், ஜீன் கட்டுப்பாட்டுக்கு ஒரு பாடம் என்று பிரித்து நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இந்த வளையம்தான்.

ஒரு எச்சரிக்கை. 0.05 சதவீதக் கரைசல் 100 மில்லியில் 50 மில்லிகிராம் கால்ச்சிசின் இருக்கிறது. கௌட் என்ற மூட்டுவலிக்குக் கொடுக்கும் கால்ச்சிசின் மாத்திரை அரை மில்லிகிராம்தான். நூறு மாத்திரை ஒரே பாட்டிலில்! உயிரை எடுக்கும் அளவு, முறிமருந்தும் கைவசம் கிடையாது. பாட்டிலைப் பூட்டி வை, கையுறை இல்லாமல் யாரையும் தொட விடாதே, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாதே. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கால்ச்சிசினுக்குப் பதில் 8-ஹைட்ராக்ஸிகுவினோலின் போதும்: லிட்டருக்கு 0.29 கிராம், வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, குளிர்ந்த இடத்தில் மூன்று நாலு மணி நேரம். அதற்கும் கையுறை உண்டு. குரோமோசோம் நன்றாகச் சுருங்கும், எண்ணுவதற்கு வசதி.

அடுத்த தொகுதி வேர்களை அமிலத்தில் ஆறு, எட்டு, பத்து நிமிடம் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டுப் பார். மூன்றிலும் ஒவ்வொரு படம் அனுப்பு, உன் தொட்டிக்கு எது பொருந்துகிறது என்று பார்த்து எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
வசந்தா